பழைய சாகாவை மீட்டெடுப்போம்: பளபளப்பு கடைசியில்தான்



விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் வாசிப்பின் நன்மை, கைப்பேசியின் தீமை என்று பழகிய தலைப்புகளே பலருக்கும் நினைவுக்கு வரும். இம்முறை கொஞ்சம் வேறு பக்கம் போவோம். வீட்டு ஓரத்திலோ மாமரத்தடியிலோ பல வருஷமாக அசையாமல் நிற்கும் ஒரு பழைய காடியை எப்படி மீட்டெடுப்பது? பட்டறை வேலையில் ஆர்வமுள்ள மாணவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்து வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த உலகத்தையும் நல்ல தமிழில் விளக்க முடியும் என்று காட்டுவது நம் வேலைதான்.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியைச் சரிசெய்யப் போகிறோம் என்றதும் பலரும் முதலில் வாங்குவது பாலிஷும் மெழுகும். இது தலைகீழான வரிசை. கண்ணாடி மாதிரி மின்னும் வண்டிக்குப் பிரேக் பிடிக்காவிட்டால், அந்த மினுமினுப்பால் யாருக்கு என்ன பயன்? அதில் ஏறப்போவது நம் அம்மா, நம் தம்பி, நாம்தான். ஆகவே வரிசை இதுதான்: முதலில் உயிர்ப் பாதுகாப்பு, அடுத்துத் துருவை நிறுத்துதல், பிறகு சுத்தம், கடைசியில் பளபளப்பு.

ஏன் சாகா?

எடுத்துக்காட்டுக்குப் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதல் சாகா 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அதன் அடிப்படை ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் பியோரே என்னும் மகிழுந்து. தொடக்கத்தில் 1.3 லிட்டர் எஞ்சின், பின்னர் 1.5 லிட்டரும் வந்தது. அந்த முதல் தலைமுறை வண்டி, இஸ்வாரா போன்ற பெயர்களோடும் மாற்றங்களோடும் 2008 வரை தயாரானது.

பெயரையும் கவனியுங்கள். மலாயில் 'சாகா' என்பது நாம் குன்றிமணி, ஆனைக்குன்றிமணி என்று சொல்லும் கெட்டியான சிவப்பு விதைகளைக் குறிக்கும். அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் தங்கத்தை நிறுக்கக் குன்றிமணியைத்தான் பயன்படுத்தினார்கள். பல குடும்பங்களுக்கு முதல் காடியே சாகாதான் என்பதால், வீட்டில் அதன் மதிப்பு இரும்பு விலையைவிட எப்போதும் அதிகம். உதிரிப் பாகங்கள் இன்றும் ஓரளவு கிடைக்கின்றன. எஞ்சின் அமைப்பும் எளிமையானது. கற்றுக்கொள்ள நல்ல வண்டி.

படி 1: தொடுவதற்கு முன் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச் லைட். முதல் நாளுக்கு இவை போதும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்ததையெல்லாம் எழுதுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

துரு எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்து தேட வேண்டும். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், பூட்டில் மாற்று டயருக்குக் கீழே, கால்வைக்கும் இடத்துக் கம்பளத்துக்கு அடியில். இவையெல்லாம் தண்ணீர் தேங்கும் இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால், கதவுக்குள்ளே குளம் கட்டியது மாதிரிதான். வெளியே பெயிண்ட் லேசாக உப்பியிருந்தால், உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தகட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும். அரித்துப்போன தகடு சொத்தென்று சத்தம் கொடுக்கும். சில வேளை கைப்பிடியே உள்ளே போய்விடும். சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் பொருந்தியிருக்கும் இடத்திலோ, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டத்திலோ அப்படி நடந்தால், அனுபவமுள்ள வெல்டரிடம் காட்டாமல் மேற்கொண்டு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். மீட்கலாமா, விட்டுவிடலாமா என்ற முடிவு இந்த இடத்தில்தான் எடுக்கப்பட வேண்டும்.

ஆவணங்களையும் இப்போதே பாருங்கள். நம் பேச்சில் 'கெரான்' என்று சொல்லும் உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசுரிமை ஆவணங்கள் இல்லாமல் பெயரை மாற்ற முடியாது. உரிமை மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனையும் தேவைப்படும். காப்புறுதி எடுத்த பிறகே சாலை வரி புதுப்பிக்க முடியும். எல்லா வேலையும் முடித்துவிட்டு ஜே.பி.ஜே. முகப்பில் போய் நின்று விழிப்பதைவிட, முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: சாவியைத் திருப்ப அவசரப்படாதீர்கள்

"பேட்டரி மாத்திட்டா போதும், ஸ்டார்ட் ஆயிடும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். ஆகலாம். ஆனால் அந்த ஒரு நிமிட ஆசை எஞ்சினையே கெடுத்துவிடலாம். ஏன் என்று பார்ப்போம்.

முதலாவது, பெட்ரோல். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசின் மாதிரி கெட்டியாகும். பழைய சாகாவில் எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதன் நுண்ணிய துளைகளை இந்தப் பிசின் அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ரப்பர் குழாய்கள். பெட்ரோல் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். மேலே வெடிப்புத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோல் ஒரு வண்டியை நிமிடங்களில் எரித்துவிடும். எலி கடித்த மின்கம்பி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொட வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் எண்ணெய். வண்டி நிற்கும் காலத்தில் உலோகத்தின் மேலிருந்த எண்ணெய்ப் படலம் கீழே வடிந்துவிடும். அந்த நிலையில் எஞ்சின் ஓடினால் உலோகம் உலோகத்தோடு நேரடியாக உராயும். இதைத் தவிர்க்க, பழைய எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றி, வடிகட்டியையும் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றால் நல்ல செய்தி. இறுகி நின்றால் வலுவைக் காட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நான்காவது, டைமிங் பெல்ட். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது இந்த ரப்பர்ப் பட்டைதான். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். சிலவகை எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிச் சேதமாகும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டால், மாற்ற வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூலண்ட் நீரையும் புதிதாக்குங்கள்.

இன்னொன்று. மூடிய கராஜில் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

படி 3: பிரேக்கும் டயரும்

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகைப் பிரேக் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். தர அளவுகோலின்படி, புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் சூடேறும். சூட்டில் எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கேமரன் மலையிலிருந்து இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிரேக் எண்ணெயை மாற்றாமல் பெயிண்டுக்குப் பாலிஷ் போடுவது ஏன் தவறு என்று விளங்கிவிடும்.

எண்ணெயோடு ரப்பர்க் குழாய், பிரேக் பேட், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பாகங்கள் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பழைய பிரேக் பாகங்களின் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. வாயால் ஊதாதீர்கள், காற்றழுத்தக் குழாயாலும் அடிக்காதீர்கள். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதைப் பட்டறையிலேயே விடுவதுதான் சரி.

டயரில் பூ ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். உதாரணத்துக்கு 2318 என்றால், 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தையது. ரப்பர் ஓடினால் மட்டுமல்ல, நின்றாலும் கிழமாகும். 10 ஆண்டைத் தாண்டிய டயரைப் பூ எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால், ஜாக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. கெட்டியான தரையில் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே அடியில் போகலாம்.

படி 4: துருவை நிறுத்துதல்

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு. நம் நாட்டு மழைக்கும் வெக்கைக்கும் இந்த மூன்றும் எப்போதும் தயார். துருவைப் பெயிண்டால் மறைத்தால், அது உள்ளே இருந்துகொண்டே தகட்டைத் தின்னும்.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து எடுக்கலாம். குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்குத் துரு மாற்றித் திரவம் கடையில் கிடைக்கும். இவற்றில் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். அது துருவோடு வினைபுரிந்து, எளிதில் அரிக்காத கரும்படலமாக மாற்றும். கையுறை அணிந்து பூசுங்கள். காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் பெயிண்ட்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு வெட்டி ஒட்டு வைத்து வெல்டிங் செய்வதே சரியான வழி. பட்டி பூசி ஓட்டையை மூடுவது கண்ணை ஏமாற்றும் வேலை. பட்டி என்பது சின்னப் பள்ளத்தைச் சமப்படுத்துவதற்கு மட்டும்.

படி 5: கழுவுவதிலும் ஒரு முறை உண்டு

ஒரு வாளித் தண்ணீரில் ஒரே துணியை முக்கி முக்கித் தேய்த்தால், மண்ணை அள்ளிப் பெயிண்டில் பூசுவதற்குச் சமம். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வாகனச் சோப்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். துடைக்கும் கையுறையை ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் நீரில் அலசிவிட்டு, பிறகு சோப்பு நீரில் தோயுங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அழுக்கு அதிகமுள்ள அடிப்பகுதியும் சக்கரமும் கடைசியில். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். பெயிண்டின் மேலிருக்கும் மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும்.

கழுவிய பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். மரப் பிசின், பறவை எச்சம், காற்றில் வந்து ஒட்டிய இரும்புத் துகள் எல்லாம் அதில் உண்டு. இதை எடுப்பதற்கென்று 'கிளே பார்' எனப்படும் களிமண் போன்ற கட்டி கிடைக்கும். வழுக்கும் அளவுக்குச் சோப்பு நீர் தெளித்து, அழுத்தாமல் தேயுங்கள். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணல் பெயிண்டைக் கீறிவிடும்.

படி 6: மெருகு என்பது கழித்தல்

இனிதான் பளபளப்பு. பாலிஷ் போடும்போது பெயிண்டின்மேல் எதையோ கூட்டுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கழிக்கிறோம். கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். மேற்பரப்பு சமமாவதால் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது, மினுக்கம் தெரிகிறது. தொழிற்சாலையில் பூசிய எல்லாப் பூச்சும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால் நம்மிடம் இருப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு முறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

ஒரு வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. வெளிறி இளஞ்சிவப்பாகிப்போன சிவப்பு வண்டிகள் பலவும் இவ்வகைதான். வெயிலில் வெளுத்த மேற்படலத்தை மெல்ல எடுத்தால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். துணியில் நிறம் ஒட்டாவிட்டால் நிறத்தின் மேலே தெளிபூச்சு ஒன்று இருக்கிறது. அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தால் பாலிஷால் சரிசெய்ய முடியாது. புதிதாகப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. நிறத்தையே மாற்றினால் ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யுங்கள். ஒரு சாண் சதுரத்தில் மட்டும் முதலில் முயன்று பாருங்கள். மென்மையான பாலிஷில் தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் கடினமானதற்குப் போங்கள். கதவு விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிப் பாதுகாருங்கள். முடிவில் மெழுகு பூசுங்கள். மெழுகு மினுக்கத்துக்காக மட்டுமல்ல; வெயிலையும் மழையையும் கொஞ்ச காலம் தாங்கும் காப்பு அது.

படி 7: உள்ளே

ஈர நாட்டில் மூடிக் கிடந்த வண்டிக்குள் பூசணம் பூத்திருக்கும். வாசனைத் திரவம் அடித்தால் பூசணம் போகாது. மழைநீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைப்பதே முதல் வேலை. இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி வெளியே எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, சோப்பு நீரால் கழுவி, நல்ல வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். பாதி காய்ந்ததைத் திரும்பப் போட்டால் பூசணமும் திரும்ப வரும். மினுமினுப்புத் திரவத்தை ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் பூசவே கூடாது. கையும் காலும் வழுக்கும்.

குளிரூட்டியை நீங்களே திறக்காதீர்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்12 வாயு இருக்கலாம். அதைக் காற்றில் விடாமல் முறையாக எடுக்கும் கருவி குளிரூட்டிப் பட்டறையில் இருக்கும். பழைய எஞ்சின் எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது?

பழைய வண்டியைப் புது வண்டியாக்குவது நம் நோக்கம் அன்று. பிரேக் பிடிக்கிறது, துரு பரவவில்லை, எஞ்சின் சீராக ஓடுகிறது, உள்ளே நாற்றமில்லை. இந்த நான்கும் சரியாகிவிட்டால் வண்டி மீண்டுவிட்டது. ஆழமான கீறல் ஒன்றிரண்டு மிஞ்சினால் விட்டுவிடுங்கள். அதையும் எடுத்தே தீருவேன் என்று தேய்த்தால் பூச்சே போய்விடும். கீறல் இருக்கிற நல்ல பெயிண்ட், கீறலில்லாத வெறும் தகட்டைவிட எவ்வளவோ மேல்.

வகுப்பறைக்கு

விளக்கக் கட்டுரையில் 'என்ன செய்ய வேண்டும்' என்பதை மட்டும் அடுக்கினால் அது சமையல் குறிப்பு மாதிரி ஆகிவிடும். 'ஏன் செய்ய வேண்டும்', 'செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்ற இரண்டையும் சேர்த்தால்தான் அது விளக்கம். மேலே உள்ள பிரேக் எண்ணெய்ப் பத்தியை மாணவர்களிடம் கொடுத்து, இந்த மூன்றும் எங்கெங்கே வருகின்றன என்று கோடிடச் சொல்லுங்கள்.

சொற்பொருள்
- கொதிநிலை: திரவம் கொதிக்கத் தொடங்கும் வெப்ப அளவு
- உராய்தல்: ஒன்றோடொன்று தேய்தல்
- தெளிபூச்சு: நிறத்தின் மேலே பூசப்படும் நிறமற்ற பூச்சு
- பூசணம்: ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்ப் படர்வு
- பட்டி: பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் பசை

பயிற்சி
1. பளபளப்பு ஏன் கடைசியில் வர வேண்டும்? கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைச் சொந்த வாக்கியத்தில் எழுதுக.
2. "மெருகு என்பது கழித்தல்." இக்கூற்றை விளக்குக.
3. 'ஏனெனில்', 'ஆகவே', 'இல்லாவிட்டால்' ஆகிய சொற்களைப் பயன்படுத்தி, டயரின் வயதைச் சோதிப்பது பற்றி ஒரு பத்தி எழுதுக.
4. உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைச் சரிசெய்யும் முறையை 180 சொற்களில் விளக்குக. ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்க வேண்டும்.